பிழைக்குப் பரிசா?

சென்ற தீபாவளி மலர் ஒன்றில் நான் எழுதிய சிறுகதைக்கு வந்த கடிதங்களைப் போல வேறு எந்தக் கதைக்கும் எனக்கு வந்ததில்லை. காதல் கதை எழுதினால் நாலு பேர் புகழ்வார்கள், நாலு பேர் திட்டுவார்கள். குடும்பக் கதை எழுதினால், "இது எங்கள் வீட்டு விஷயமாயிற்றே, உங்களுக்கு யார் சொன்னது?" என்று கேட்பார்கள். இந்தக் கதைக்கு வந்த கடிதங்களோ எல்லாம் ஒன்றாகக் கூடிப் பேசி வைத்துக்கொண்டது போல ஒரே கேள்வியைக் கேட்டன: "உங்கள் தலைமையாசிரியருக்கு என்ன, பைத்தியமா?"

கதையைப் படிக்காதவர்களுக்காக இரண்டு வரியில் சொல்லிவிடுகிறேன். ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் ஒருவர் 1989-ம் ஆண்டில், அமெரிக்காவில் டென்வர் நகரத்தில் வேலையாயிருக்கும் மகன் வீட்டுக்குப் போகிறார். அறுபதாவது பிறந்த நாளுக்கு மகன் ஒரு வெள்ளி டாலர் வாங்கித் தருகிறான். அந்த ஆண்டு அமெரிக்கக் காங்கிரஸின் இருநூறாவது ஆண்டு நிறைவுக்காக வெளியிட்ட நாணயம். இரவு விளக்கடியில் உட்கார்ந்து அதைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறவர், ஒரு பக்கத்துக்கு மறு பக்கம் தலைகீழாக இருப்பதைக் கண்டுபிடிக்கிறார். அடுத்த வீட்டுக்காரர், "இதை விற்றால் நல்ல பணம் கிடைக்கும்" என்கிறார். தலைமையாசிரியர் மறு நாள் காலையில் அதைத் தபாலில் தங்கசாலைக்கே திருப்பி அனுப்பிவிட்டு, சரியான நாணயம் ஒன்று அனுப்பும்படி கடிதம் எழுதுகிறார். அவ்வளவுதான் கதை.

கோயம்புத்தூரிலிருந்து கணக்குத் தணிக்கை செய்யும் அன்பர் ஒருவர் ஒரு முழுத் தாளில் கூட்டல் பெருக்கல் எல்லாம் போட்டு, தலைமையாசிரியருக்கு ஏற்பட்ட நஷ்டத்தை ரூபாய் அணாப் பைசா பாக்கியில்லாமல் காட்டியிருக்கிறார். திருச்சியிலிருந்து ஒரு சகோதரி, "நாவலாசிரியர்களுக்கு உலக விவகாரம் தெரியாது என்பதற்கு வேறு அத்தாட்சி வேண்டாம்" என்று தீர்ப்பே எழுதிவிட்டார். என் வீட்டிலும் அந்தத் தீர்ப்பை ஆமோதித்தார்கள் என்பதை மறைப்பானேன்?

தலைமையாசிரியர் என் கற்பனை. ஆனால் அவர் கையிலிருந்த நாணயம் கற்பனை அல்ல. 1989-ல் டென்வர் தங்கசாலையில் அடித்த அந்த வெள்ளி டாலர்கள் மொத்தம் 1,35,203. அவற்றில் மிகச் சிலவற்றில் ஒரு பக்கத்து அச்சு ஏறக்குறைய 180 பாகை திரும்பிப் போய், தலைக்குப் பூ தலைகீழாக விழுந்துவிட்டது. முன் பக்கத்தில், வாஷிங்டனிலுள்ள காங்கிரஸ் மாளிகையின் கோபுரத்து உச்சியில் நிற்கும் சுதந்திர தேவியின் சிலை. பின் பக்கத்தில், பிரதிநிதிகள் சபையின் செங்கோல். அதன் நுனியில் ஓர் உருண்டை, உருண்டையின் மேல் கழுகு. பிழையான நாணயத்தை அமெரிக்க முறைப்படி திருப்பினால் அந்தக் கழுகு வௌவாலைப் போலத் தலைகீழாகத் தொங்கும்.

"அமெரிக்க முறைப்படி" என்றேனே, அதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். இப்போதே உங்கள் சட்டைப் பையிலிருந்தோ அஞ்சறைப் பெட்டியிலிருந்தோ ஒரு ரூபாய் நாணயத்தை எடுத்துக்கொள்ளுங்கள். சிங்க முகம் நிமிர்ந்திருக்கும்படி பிடித்து, புத்தகத்தின் பக்கத்தைப் புரட்டுவது போல இடமிருந்து வலமாகத் திருப்பிப் பாருங்கள். மறு பக்கமும் நிமிர்ந்தே இருக்கும். நம் நாட்டில் அதுதான் வழக்கம். இங்கிலாந்திலும் கனடாவிலும் அப்படியே. அமெரிக்க நாணயத்தை இப்படிப் புரட்டினால் மறு பக்கம் தலைகீழாகத் தெரியும். அதை, மாதக் காலண்டரின் தாளைத் தூக்கி அடுத்த மாதத்தைப் பார்க்கிறோமே, அந்த மாதிரி மேலும் கீழுமாகத் திருப்ப வேண்டும். யூரோ வருவதற்கு முன்னால் பிரான்ஸ் தேசத்து பிராங்கு நாணயமும் இந்த ஜாதிதான்.

இதிலிருந்து ஒரு வேடிக்கை பிறக்கிறது. என் தலைமையாசிரியர் பிறந்தது முதல் ரூபாயைப் பார்த்து வளர்ந்தவர். மகன் கொடுத்த டாலரை அவர் பழக்க தோஷத்தில் புத்தகம் போலப் புரட்டியிருந்தால், பிழையான அந்த நாணயம் அவருக்குச் சரியாகவே தெரிந்திருக்கும்! கதையில் அவர் முதலில் அப்படித்தான் ஏமாறுகிறார். பேரன் கையிலிருந்த கால் டாலரை வாங்கிப் பக்கத்தில் வைத்துப் புரட்டிப் பார்த்த பிறகுதான் இரண்டும் இரண்டு விதமாக இருப்பது தெரிகிறது. சேலத்து வாசகர் ஒருவர் இந்த இடத்தில்தான் என்னைப் பிடித்துக்கொண்டார். வந்த கடிதங்களிலே நிஜமாக யோசித்து எழுதிய கடிதம் அது ஒன்றுதான். அவர் கேட்கிறார்: "நம் ஊர் வழக்கப்படி அது சரியான நாணயம். வெள்ளியில் குறைவில்லை, எடையில் குறைவில்லை, சித்திரத்தில் கோணல் இல்லை. பின் எதைப் பிழை என்று சொல்லித் திருப்பி அனுப்பினார் உங்கள் வாத்தியார்?"

நல்ல கேள்வி. நான் ஒரு பதில் கேள்வி கேட்கிறேன். நம் ஊரில் வண்டிகள் சாலையின் இடது பக்கமாகப் போகின்றன. அமெரிக்காவில் வலது பக்கமாகப் போகின்றன. இரண்டில் எது தர்மம், எது அதர்மம்? இரண்டும் இல்லை. ஆனால் டென்வர் நகரத்துச் சாலையில் ஒருவன் திடீரென்று இடது பக்கமாகக் காரை ஓட்டிக்கொண்டு வந்தால், "ஆகா, இவன் சென்னை வழக்கத்தை அனுசரிக்கிறான்" என்று யாராவது மெச்சுவார்களா? எப்படி வைப்பது என்பது ஓர் ஏற்பாடு. ஏற்பாடு செய்தவனே அதை மறந்து போனால் அதற்குப் பெயர் பிழைதான்.

எப்படி மறந்து போகிறான் என்பதையும் பார்த்துவிடுவோம். நாணயம் அடிக்கும் யந்திரத்தில் மேலே ஓர் அச்சு, கீழே ஓர் அச்சு. நடுவில் ஒரு வளையம். வளையத்துக்குள் வெறும் வெள்ளி வில்லை. அச்சுகள் இரண்டும் உருக்கினால் ஆன உருளைகள். உருளை என்றால் எந்தப் பக்கம் திருப்பி வைத்தாலும் பொருந்திவிடும் அல்லவா? அதனால்தான் அதன் அடிப் பாகத்தில் ஒரு பக்கத்தைத் தட்டையாகச் சீவியோ, காடி வெட்டியோ, இந்த வாட்டத்தில்தான் உட்கார வேண்டும் என்று கட்டுப்படுத்துகிறார்கள். திருகாணி போட்டு இறுக்குகிறார்கள். திருகாணி தளர்ந்தால், யந்திரத்தின் அதிர்ச்சியில் அச்சு கொஞ்சம் கொஞ்சமாகச் சுழலும். ஒரு நாணயத்தில் பத்துப் பாகை, பின்னால் வருகிறதில் இருபது, அதற்கும் பின்னால் நாற்பது என்று பிழை வளர்ந்துகொண்டே போகும். சில பாகை விலகினால் சேகரிப்பவர்கள் கூடப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. ஆனால் ஆரம்பத்திலேயே அச்சைத் தப்பாக மாட்டிவிட்டால், யாராவது கண்டுபிடித்து யந்திரத்தை நிறுத்துகிற வரையில் எல்லாம் ஒரே மாதிரித் தப்பாக விழும். காங்கிரஸ் டாலரில் கழுகு சரிபாதி சுற்றித் தலைகீழாக நிற்பதைப் பார்த்தால், தானாகத் தளர்ந்த திருகாணியின் வேலை என்று எனக்குத் தோன்றவில்லை. மாட்டியவர் பார்க்கவில்லை, முதல் நாணயத்தை எடுத்துப் பார்க்க வேண்டியவரும் பார்க்கவில்லை. இப்படித்தான் நான் ஊகிக்கிறேன்.

சரி, பார்க்கவில்லை, அதனால் என்ன குடி முழுகிப் போயிற்று என்று கேட்கலாம். புழக்கத்துக்காக அடிக்கிற ஐந்து ரூபாயில் இப்படி நேர்ந்தால் நான் ஒரு வார்த்தை பேச மாட்டேன். கோடிக் கணக்கில் அடிக்கிறார்கள், அவசரம், பஸ் கண்டக்டர் அதைப் புரட்டிப் பார்த்தா டிக்கெட் கிழிக்கப் போகிறார்? அந்த நாணயத்துக்கு ஒரு வேலை இருக்கிறது, அந்த வேலையை அது தலைகீழாக நின்றாலும் செய்துவிடும். நம்மவர்களில் சிலர் அப்படிப்பட்ட ரூபாய்களைப் பொறுக்கிச் சேர்க்கிறார்கள். பொழுது போகிறது, பொறுக்கட்டும்.

இந்த வெள்ளி டாலருக்கு அந்த மாதிரி வேலை ஏதாவது உண்டா? முகப்பில் ஒரு டாலர் என்று போட்டிருக்கிறது. தஞ்சைப் பெரிய கோயிலின் ஆயிரமாவது ஆண்டுக்காக நம் சர்க்கார் வெளியிட்ட ஆயிரம் ரூபாய் வெள்ளி நாணயத்தை எந்த மளிகைக் கடையில் கொடுத்து யார் அரிசி வாங்குவார்கள்? அதைப் போலத்தான் இதுவும். ஒரு கணக்குப் போடுகிறேன். கோயம்புத்தூர் அன்பர் சரி பார்த்துக்கொள்ளட்டும். நாணயத்தின் எடை 26.73 கிராம். நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு வெள்ளி. 1989-ல் வெள்ளி ஓர் அவுன்ஸ் சராசரியாக ஐந்தரை டாலர் விற்றது. ஆக உள்ளே இருக்கிற வெள்ளி நாலே கால் டாலருக்குச் சற்று முன் பின். வாங்கியவர் கொடுத்ததோ இருபது டாலருக்கு மேல். அதில் ஏழு டாலர் காங்கிரஸ் மாளிகைப் பராமரிப்புக்காகச் சட்டப்படி சேர்த்த உபரித் தொகை. பாக்கி எதற்காகக் கொடுத்தார்? செதுக்கினவருடைய கைத்திறனுக்கு, அச்சின் சுத்தத்துக்கு, அதைக் கண்ணால் பார்த்து, சரி என்று சொல்லிப் பெட்டியில் வைத்து அனுப்பும் கவனத்துக்கு. கவனத்தை விலைக்கு வாங்கிய மனிதருக்குக் கவனமில்லாமை வந்து சேர்ந்தது. புடவைக் கடையில் ஆயிரம் ரூபாய் பட்டுப் புடவைக்கு முந்தானையை மறு புறமாக நெய்து கொடுத்தால், "அபூர்வமான புடவை, அதிர்ஷ்டம்தான்!" என்று சொல்லி வாங்கி வருவீர்களா, அம்மணி? கடைக்காரரை நடுத் தெருவில் நிற்க வைத்துவிட மாட்டீர்களா?

இந்த நியாயம் புடவைக்குப் பொருந்துகிறது, நாணயத்துக்கு மட்டும் ஏன் பொருந்தவில்லை? காரணம், பிழைக்கு ஒரு சந்தை ஏற்பட்டுவிட்டது.

அமெரிக்காவில் 1986-லும் 1987-லும் இரண்டு பெரிய நிறுவனங்கள் தோன்றின. நாணயத்தை அனுப்பினால் ஒன்று முதல் எழுபது வரை மதிப்பெண் போட்டு, கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் பேழைக்குள் சீல் வைத்து, சீட்டு ஒட்டித் தருவார்கள். அசல், போலி கண்டுபிடிக்க அது நல்ல ஏற்பாடு என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் அதே கையால் அவர்கள் இரண்டு சீட்டு எழுதுகிறார்கள். மாசு மறு இல்லாத நாணயத்துக்கு எழுபது என்று ஒரு சீட்டு. அச்சு திரும்பிய நாணயத்துக்கு இத்தனை பாகை திரும்பியது என்று ஒரு சீட்டு. இரண்டுக்கும் நடுவில், ஒரு குறையும் சொல்ல முடியாதபடி ஒழுங்காக அடித்து ஒழுங்காக வெளிவந்த லட்சத்துச் சொச்சம் நாணயங்கள் இன்றைக்கு ஏறக்குறைய வெள்ளி விலைக்கே போகின்றன. பிழையானது அதைப் போலப் பல மடங்கு. பரீட்சையில் எல்லாக் கணக்கையும் சரியாகப் போட்ட பையனை வெளியே அனுப்பிவிட்டு, விடைத்தாளைத் தலைகீழாகக் கட்டிக் கொடுத்த பையனுக்கு மாலை போடுவது போல இருக்கிறது. தலைமையாசிரியர் எப்படிச் சகிப்பார்?

விலை என்று ஒன்று ஏற்பட்டுவிட்டால் அது சும்மா இராது. ஆள் தேடிக் கிளம்பும். 2007-ல் அமெரிக்காவில் ஜனாதிபதிகளின் முகம் பொறித்த டாலர்கள் வந்தன. அவை வெள்ளி அல்ல. விளிம்பில் எழுத்துப் பொறிக்க வேண்டிய நாணயங்கள். எழுத்தில்லாமலே ஏராளமானவை வெளியே வந்துவிட்டன. மொட்டை விளிம்புக்குச் சந்தையில் கிராக்கி உண்டாயிற்று. பிலடெல்பியா தங்கசாலையில் காவலுக்கு நின்ற போலீஸ்காரர் ஒருவரே, விளிம்பு எழுத்து ஏறுவதற்கு முன்னால் நாணயங்களை எடுத்துக்கொண்டு போய் விற்கத் தொடங்கினார். 2011-ல் குற்றத்தை ஒப்புக்கொண்டபோது கணக்குப் பார்த்ததில் 24 லட்சம் டாலர்! அச்சுப் பிழை என்பது அதிர்ஷ்ட தேவதையின் விளையாட்டு என்று சொல்லும் அன்பர்கள் இந்தக் காவலரைப் பற்றி யோசிக்க வேண்டும். பிழைக்கு விலை கொடுத்தவர்கள் யாரும் திருடவில்லை என்பது வாஸ்தவம். எதைத் திருடினால் லாபம் என்று அவருக்குக் கற்றுக் கொடுத்தவர்கள் அவர்கள்தான் என்பதும் வாஸ்தவம்.

சிறிய மோசடிகளும் உண்டு. கனடாவின் மேப்பிள் இலை வெள்ளி நாணயம் நம் ரூபாயைப் போலப் புத்தகப் புரட்டு ஜாதி. அமெரிக்கப் பழக்கத்தில் ஊறினவர் கையில் அதைக் கொடுத்து, "பார், அச்சு திரும்பியிருக்கிறது" என்று தலையில் கட்டிவிடலாம். வாங்கினவர் அறியாமல் ஏமாறுகிறார். சில சமயம் விற்கிறவரே அறியாமல் ஏமாற்றுகிறார்.

இதற்கு மாறாக நடந்த ஒரு சம்பவத்தையும் சொல்ல வேண்டும். 1918-ல் அமெரிக்கத் தபால் இலாகா வெளியிட்ட 24 சென்ட் விமானத் தபால் தலையில், விமானம் தலைகீழாகப் பறக்கும் தாள் ஒன்று, நூறு தலைகள் கொண்டது, வாஷிங்டனில் ஒருவர் கையில் சிக்கியது. 24 டாலருக்கு வாங்கியதைச் சில நாளிலேயே 15,000 டாலருக்கு விற்றார். சேகரிப்பவர்கள் இன்றளவும் புராணம் போலச் சொல்லும் கதை இது. 1962-ல் மறுபடியும் அப்படி ஒன்று நேர்ந்தது. ஐக்கிய நாடுகள் சபையின் காரியதரிசியாயிருந்து விமான விபத்தில் மறைந்த டாக் ஹாமர்ஷீல்டின் ஞாபகார்த்தத் தபால் தலையில் மஞ்சள் பின்னணி தலைகீழாக விழுந்துவிட்டது. கண்டெடுத்தவர்கள் குதூகலத்தில் மிதந்தார்கள். அப்போது தபால் இலாகாவின் தலைவராயிருந்த எட்வர்ட் டே என்ன செய்தார் தெரியுமா? அதே பிழையோடு வேண்டுமென்றே நாலு கோடி தலைகளை அச்சிடச் சொல்லிவிட்டார்! அபூர்வம் ஒரே நாளில் அவரைக்காய் போல மலிந்து போயிற்று. சேகரிப்பவர்கள் கொதித்தெழுந்தார்கள்.

டே செய்தது சரி என்று நான் முழு மனதோடு சொல்ல மாட்டேன். ஒரு பிழையைத் தண்டிக்க நாலு கோடி பிழை செய்வது, எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துகிற காரியம். செத்துப் போன ஒரு நல்ல மனிதருடைய ஞாபகச் சின்னத்தை வைத்தா இந்தப் பாடம் நடத்த வேண்டும்? ஆனாலும், என் இலாகாவின் அசிரத்தை இன்னொருவனுக்கு லாட்டரிப் பரிசு ஆகக் கூடாது என்று அந்த மனிதருக்கு ஒரு ரோஷம் வந்ததே, அது எனக்குப் பிடித்திருக்கிறது. தங்கசாலைக்காரர்களுக்கு அந்த ரோஷம் வந்ததாகத் தெரியவில்லை. 2008-ல் வெள்ளிக் கழுகு டாலர் என்று அவர்கள் பிரசித்தமாக விற்கும் நாணயத்தில், முன் பக்கம் புது அச்சு, பின் பக்கம் 2007-ன் பழைய அச்சு என்று ஜோடி மாறிப் போய் ஏறக்குறைய 47,000 நாணயங்கள் வெளியே போயின. கண்டுபிடித்தது வாங்கினவர்கள். அப்புறம் என்ன, நமக்கும் ஒன்று கிடைக்காதா என்று ஓடினவர்களும் அவர்கள்தான்.

"பழைய நாணயங்களில் அச்சு எப்படி வேண்டுமானாலும் திரும்பியிருக்கிறதே, அதை ஆராய்ச்சிக்காரர்கள் கொண்டாடவில்லையா?" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். கொண்டாடட்டும், நானும் கூடச் சேர்ந்துகொள்கிறேன். கையால் சம்மட்டி போட்டு அடித்த காலத்து நாணயத்தில் இரண்டு பக்கமும் எந்தக் கோணத்தில் நிற்கின்றன என்பதைக் கடிகார முள்ளைக் கொண்டு குறித்து வைக்கிறார்கள். மூன்று மணி, ஏழு மணி என்று. ஒரு பட்டறையில் அச்சைக் கட்டி வைத்து அடித்தார்களா, கையில் பிடித்து அடித்தார்களா என்பதெல்லாம் அதிலிருந்து தெரிய வரலாம். அங்கே கோணல் ஒரு தகவல். அந்தத் தட்டானுக்கு யாரும் ஏற்பாடு சொல்லித் தரவில்லை. அவன் மீறவும் இல்லை. நம் காலத்துத் தங்கசாலையின் கோணலில் இருந்து என்ன ஆராய்ச்சி செய்யப் போகிறோம்? அன்றைக்கு முதல் நாணயத்தைப் பார்க்க வேண்டியவர் பார்க்கவில்லை என்ற ஒரே உண்மைதான் கிடைக்கும்.

மதுரையிலிருந்து ஒரு கல்லூரி மாணவர் மட்டும் வேறு மாதிரி எழுதியிருந்தார். "தலைமையாசிரியர் செய்தது சரியோ தப்போ, அவருக்குப் பதில் வந்ததா? அதை ஏன் எழுதாமல் விட்டீர்கள்?" என்று. வந்தது. கதையில் இடம் போதாமல் பத்திரிகைக்காரர்கள் வெட்டிவிட்ட பகுதி அது. மூன்று வாரம் கழித்து ஒரு சிறிய பெட்டி வந்தது. உள்ளே வேறொரு வெள்ளி டாலர், மன்னிப்புக் கடிதம் எதுவும் இல்லை. கிழவர் பேரனைக் கூப்பிட்டுக் கால் டாலரை வாங்கி வைத்துக்கொண்டு, இரண்டையும் காலண்டர் புரட்டுவது போலப் புரட்டிப் பார்த்தார். கழுகு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தது. அதைப் பையனிடமே கொடுத்துவிட்டுச் சாப்பிடப் போனார்.

கோயம்புத்தூர் அன்பர் இந்த நாணயத்தின் இன்றைய விலையையும் கணக்குப் போட்டு எழுதாமல் இருக்க மாட்டார். எழுதட்டும், வெள்ளி விலைதான் வரும்.